விடைத்தாள் திருத்த ஆளில்லாத கணிதம்

கெடாவின் தென்பகுதியில், பால்மரத் தோட்டங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. கூலிம் ஹைடெக் பூங்கா என்ற அந்த வளாகத்தில் இன்டெல், இன்பினியோன், சில்தெரா முதலிய நிறுவனங்களின் ஆலைகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர்களில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் படித்தவர்களும் உண்டு. அங்கே செய்யப்படும் சில்லுகளுக்குத் தொடக்கம் வேஃபர் எனப்படும் வட்டமான தகடு. சில்தெராவின் சிலிக்கன் வேஃபருக்கு விட்டம் 200 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் அளவுள்ள சதுரச் சில்லுகளை, கட்டக் கோடுகள் வட்டத்தின் மையத்தில் வெட்டிக்கொள்ளும்படி அதில் அடுக்கினால், முழுச் சில்லுகள் எத்தனை கிடைக்கும்? வட்டத்தின் பரப்பைச் சில்லின் பரப்பால் வகுத்தால் 314 வருகிறது. ஆனால் விளிம்பில் வெட்டுப்பட்ட சதுரம் சில்லாகாது. கட்டம் போட்ட தாளில் கால்வட்டம் ஒன்றை வரைந்து, பத்தி பத்தியாக எண்ணுங்கள்: 9, 9, 9, 9, 8, 8, 7, 6, 4, கடைசிப் பத்தியில் ஒன்றுமில்லை. கூட்டினால் 69; நான்கு கால்வட்டங்களுக்கும் சேர்த்து 276. அறுப்பதற்கு விடும் இடைவெளியையும் விளிம்பில் ஒதுக்கும் ஓரத்தையும் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

ஆலையின் கேள்வி 276 என்ற விடையோடு முடிந்துவிடும். தூய கணிதத்தின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால், பரப்பு சொல்லும் எண்ணுக்கும் கையால் எண்ணிக் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு வேகமாக வளரும்? சதுரங்களுக்குப் பதிலாகக் கட்டக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எண்ணினால் கணக்கு இன்னும் சுத்தமாக அமையும். ஆரம் 4 ஆனால் 49 புள்ளிகள், பரப்பு 50.3, ஆரம் 5 ஆனால் 81 புள்ளிகள், பரப்பு 78.5, ஆரம் 10 ஆனால் 317 புள்ளிகள், பரப்பு 314.2. இந்தப் பிழை ஆரத்தின் ஒரு குறிப்பிட்ட மடங்கைத் தாண்டாது என்று காவுஸ் நிறுவினார். விளிம்பை ஒட்டிய மெல்லிய வளையத்தில் மட்டுமே குழப்பம் நேர முடியும் என்பதே அதற்குக் காரணம். 1906இல் சியர்பின்ஸ்கி அதைக் குறைத்து, பிழை ஆரத்தின் 2/3 அடுக்குக்கு மேல் வளராது என்றார். 1/2 அடுக்குக்குள் அதை அடக்க முடியாது என்று 1915இல் ஹார்டியும் லாண்டாவும் தனித்தனியே காட்டினார்கள். 2003இல் ஹக்ஸ்லி 131/208 என்ற அடுக்கு வரை வந்தார், அது 0.63க்குச் சற்றுக் குறைவு. 0.63க்கும் 0.5க்கும் இடையில் உண்மை எங்கே நிற்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி. பள்ளிக் கணிதம் மட்டும் தெரிந்தவர் கையால் தொடங்கக்கூடிய கணக்கு ஒன்று, உலகின் தலைசிறந்த கணிதர்களும் முடிக்காத இடத்தில் போய் நிற்கிறது.

இப்படிப்பட்ட கேள்விகளைப் பட்டத்துக்காகவோ சம்பள உயர்வுக்காகவோ அல்லாமல், அவை தரும் இன்பத்துக்காகவே படிக்க விரும்புகிறவருக்குத் தூய கணிதத்தில் எந்தத் துறை ஏற்றது? வழக்கமாக மூன்று ஆலோசனைகள் சொல்லப்படும். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை முதல் ஆண்டிலிருந்து வரிசையாகப் படி என்பது ஒன்று. புகழ்பெற்ற புதிர் ஒன்றை எடுத்து அதை நோக்கி நட என்பது இரண்டாவது. மனத்துக்குப் பிடித்ததைப் படி என்பது மூன்றாவது. தனியாகப் படிப்பவரின் உண்மையான குறை என்ன என்பதை இம்மூன்றுமே கவனிப்பதில்லை. புத்தகம் கிடைக்காதது இன்று பெரிய குறையல்ல. நேரம் கிடைக்காததும் சமாளிக்கக்கூடியதே. அவர் எழுதியதைத் திருத்திக்கொடுக்க ஆளில்லை என்பதே பெரிய குறை. வகுப்பில் தவறான நிறுவல் எழுதினால் மறுவாரம் சிவப்பு மையோடு திரும்பி வரும். இரவு ஷிப்ட் முடித்து வந்து வீட்டில் தனியாக எழுதும் தவறு, எழுதியவரின் நம்பிக்கையோடு சேர்ந்து அப்படியே நோட்டில் தங்கிவிடும். ஆகவே தனியாகப் படிப்பவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்த இடம்கொடுக்கும் துறையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகு, ஆழம், புகழ், பயன் எல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய அளவுகோல்கள். இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான்.

தாமே திருத்துவது என்பதில் இரண்டு வேலைகள் அடங்கும். ஒரு கூற்று உண்மையாக இருக்குமா என்று எண்களை வைத்தோ படம் வரைந்தோ சோதிப்பது முதல் வேலை. அது ஏன் உண்மை என்பதற்கான நிறுவலை வரி வரியாகச் சரிபார்ப்பது இரண்டாவது. இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் துறைக்கு நல்ல எடுத்துக்காட்டு எண் கோட்பாடு. அதிலும் தென்காசிக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை 1940இல் வெளியிட்ட ஒரு முடிவு. அடுத்தடுத்த சில முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதனோடும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது அவற்றுள் இருக்குமா? அடுத்தடுத்த எண்கள் 16 வரை எத்தனை எடுத்தாலும், எங்கிருந்து தொடங்கினாலும், அப்படி ஓர் எண் இருந்தே தீரும் என்று பிள்ளை நிறுவினார். 17 எண்கள் ஆகும்போது அது உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். இரட்டை எண்களுக்குத் தங்களுக்குள்ளேயே 2 பொதுவாக இருக்கிறது. 2187, 2193, 2199 ஆகியவற்றுக்கு 3 பொது. 2185, 2195 ஆகியவற்றுக்கு 5 பொது. 2191க்கும் 2184க்கும் 7 பொது. 2189க்கும் 2200க்கும் 11 பொது. 2197க்கும் 2184க்கும் 13 பொது. தப்பித்த எண் ஒன்றுகூட இல்லை. பேனாவும் தாளும் இருந்தால் பத்து நிமிடத்தில் எவரும் இதைச் சரிபார்த்துவிடலாம்.

நிறுவலும் இதேபோல எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதைச் சிறிய அளவில் காட்டிவிடலாம். அடுத்தடுத்த ஐந்து எண்களை மட்டும் எடுப்போம். அவற்றில் எந்த இரண்டின் வேறுபாடும் 4க்கு மேல் போகாது. இரண்டு எண்களையும் வகுக்கும் பகா எண் அவற்றின் வேறுபாட்டையும் வகுக்கும். எனவே பொதுக் காரணியாக வரக்கூடிய பகா எண்கள் 2, 3 என்ற இரண்டு மட்டுமே. ஐந்து எண்களுக்குள் குறைந்தது இரண்டு ஒற்றை எண்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களுக்கு இடையே வேறுபாடு 2. ஆகவே அவை இரண்டும் ஒருசேர 3ஆல் வகுபட முடியாது; ஒன்றாவது வகுபடாமல் இருக்கும். வகுபடாததை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2ஆலும் வகுபடாது, 3ஆலும் வகுபடாது; மற்ற நான்கோடும் அதற்குப் பொதுக் காரணி கிடையாது. நிறுவல் முடிந்தது. ஐந்தை ஏழாக்கி இதே வாதத்தை நீட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கல் கூடுகிறது, எந்தப் பகா எண் புதிதாக நுழைகிறது என்பது தானாகத் தெரியவரும். 17க்கு மேல் எந்த நீளத்தை எடுத்தாலும் உடையும் தொடர் ஒன்று உண்டு என்பதை 1941இல் ஆல்பிரட் பிரவர் முழுமையாக முடித்துவைத்தார். அவர் நிறுவலைப் படிக்கக் கூடுதல் தயாரிப்பு வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசகர் தம் காலாலேயே பாதி வழி நடந்திருப்பார்.

இதை வெறும் ஆலோசனையாக அல்லாமல் வரலாற்றின் சாட்சியாகவும் காட்டலாம். கணிதத்தில் ஆய்வுப் பயிற்சி இல்லாமல், கணித ஆய்வைத் தொழிலாகக் கொள்ளாமல், புதிதாக எதையாவது கண்டவர்கள் எந்தத் துறைகளில் கண்டார்கள்? நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டது 6174 என்ற எண்ணின் இயல்பு. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். 3524ஐ எடுத்தால் 3087, 8352, 6174 என்று மூன்றே படி. அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த இல்லத்தரசி மார்ஜரி ரைஸ், 1975இல் மார்ட்டின் கார்ட்னரின் கட்டுரையைப் படித்துவிட்டு, தரையை இடைவெளியின்றி நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அவருடைய கணிதப் படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்தது. குறியீட்டு முறையைக்கூடத் தாமே உருவாக்கிக்கொண்டார். உயிரியல் துறையைச் சேர்ந்த ஆப்ரி டி கிரே 2018இல், ஓரலகு தூரத்தில் உள்ள எந்த இரண்டு புள்ளிகளும் ஒரே நிறம் பெறாதபடி தளத்துக்கு வண்ணம் தீட்ட நான்கு நிறங்கள் போதாது என்று நிறுவினார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித், ஒரே வடிவத்தால் தளம் முழுவதையும் நிரப்பினாலும் கோலம் சீராகத் திரும்பி வராத வடிவம் ஒன்றை அட்டையில் வெட்டிப் பார்த்துக் கண்டார். மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய நிறுவல் 2023இல் வெளிவந்தது. எண்கள், ஓடு பாவுதல், புள்ளிகளும் கோடுகளும்: மீண்டும் மீண்டும் இதே இடங்கள். முன்பின் அறியாத ஒருவரை நம்பவைக்குமுன் இவர்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள முடிந்தது என்பதுதான் இவற்றுக்குள் பொதுவாக இருக்கும் காரணம்.

வென்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயமே. தோற்றவர்களையும் எண்ணியாக வேண்டும். அவர்களுக்கும் ஆவணம் இருக்கிறது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவுவோருக்கு ஒரு லட்சம் மார்க் தருவதாக 1908இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் வோல்ஃப்ஸ்கேல் பரிசு அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே 621 நிறுவல்கள் வந்து குவிந்தன, ஒன்றுகூடத் தேறவில்லை. பரிசு 1997இல்தான் ஆண்ட்ரூ வைல்ஸின் கைக்குப் போனது. ஃபெர்மாவின் தேற்றமும் எண் கோட்பாடுதானே, அப்படியானால் மேலே சொன்ன வாதம் உடைந்துவிட்டதா? இல்லை, கூர்மையாகிறது. ஒரு கேள்வியை எளிதாகச் சொல்ல முடிவது வேறு, விடையை எளிதாகச் சரிபார்க்க முடிவது வேறு. ஃபெர்மாவின் கேள்வி ஒரே வரியில் அடங்கும். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட கருவிகள் நீள்வட்ட வளைவுகளைப் பற்றியவை, அந்த அமெச்சூர்கள் கைக்கு எட்டாதவை. அதே தேற்றத்தில் நான்காம் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், ஃபெர்மாவே விட்டுச்சென்ற முடிவில்லா இறங்குமுறையால் அதை இரண்டு பக்கத்தில் நிறுவிவிடலாம். ஒவ்வொரு வரியையும் படிப்பவரே சோதிக்கலாம். துறையைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. துறைக்குள் எந்தக் கேள்வியை எடுப்பது என்பதற்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். புகழை வைத்துக் கேள்வியைத் தேர்ந்தெடுத்து அந்த 621 நிறுவல்களை அனுப்பியவர்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எண்களைப் போட்டுச் சரிபார்ப்பது நம்மை ஏமாற்றாதா? ஏமாற்றும். வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணையுங்கள். எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்காதபடி பார்த்துக்கொண்டால், உள்ளே கிடைக்கும் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஆறாவது புள்ளியில் 32 வரவேண்டும் என்று எவரும் பந்தயம் கட்டுவார்கள், வருவது 31. போல்யா 1919இல் முன்வைத்த ஓர் ஊகம் கணக்கிட்ட எண்களில் எல்லாம் சரியாகவே இருந்தது. அது முதன்முதலில் தவறும் எண் 906,150,257. நம் இராமானுஜனே இதற்குச் சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் 1912 முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராக இருந்த அவர், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் பரவலைப் பற்றிச் சொன்னவை பிழையாக இருந்தன. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அவர் கைக்கு வராததே அதற்குக் காரணம் என்று ஹார்டி பின்னர் விளக்கினார். ஒப்பற்ற எண்ணறிவு இருந்தும், நிறுவல் என்ற இரண்டாவது சோதனை இல்லாத இடத்தில் இராமானுஜனே வழுக்கினார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே இராமானுஜன், 200 வரை ஒவ்வோர் எண்ணையும் எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று மக்மேஹன் கணக்கிட்ட பட்டியலைப் பார்த்து, 4, 9, 14 என்று ஐந்தைந்தாகத் தாவும் எண்களுக்கு அந்த எண்ணிக்கை 5, 30, 135 என்று எப்போதும் ஐந்தின் மடங்காகவே வருவதைக் கவனித்தார். பட்டியலோடு நிற்காமல் 1919இல் அதை நிறுவியும் காட்டினார். கணக்கு ஊகத்தைத் தருகிறது. நிறுவல் அதற்குத் தீர்ப்பு எழுதுகிறது. இரண்டுக்கும் இடமுள்ள துறையை எடு என்று சொல்வது இதனால்தான். கணக்கு மட்டும் போதும் என்று இந்த அளவுகோல் சொல்லவில்லை.

எண் கோட்பாட்டுக்கு அடுத்தபடியாக, தமிழ் வீடுகளுக்கு நெருங்கிய இன்னொரு வாசல் இருக்கிறது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி சிக்குக் கோலம் போடுங்கள். ஒரே இழுப்பில் முடியுமா, பல கோடுகள் வேண்டுமா? இரண்டுக்கு மூன்று புள்ளி வைத்தால் ஒரே கோடு. மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று கோடுகள். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. நீளம், அகலம் இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுவே கோடுகளின் எண்ணிக்கை. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்துச் செவ்வகத்தைச் சுருக்கினாலும் கோடுகளின் எண்ணிக்கை மாறாது என்று காட்டிவிட்டால் மீதியை யூக்ளிட் பார்த்துக்கொள்வார். பொதுக் காரணி காண அவர் சொன்ன முறையே கழித்துக்கொண்டே போவதுதான். கோலத்தை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்ட கணிதர்களும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் அவர்களோடு பணியாற்றியவர்களும் 1970களில் கோல வடிவங்களை உருவாக்கும் இலக்கண விதிகளை எழுதி, கணினிக் கோட்பாட்டில் அவற்றுக்கு ஓர் இடம் தேடித் தந்தார்கள். புள்ளிகளையும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல், முடிச்சுகளை ஆராயும் முடிச்சுக் கோட்பாடு, எண்ணும் முறைகளை ஆராயும் சேர்மானவியல் எல்லாம் இந்த வாசலுக்குள் இருக்கும் அறைகள்.

மூன்றாவதாகக் குலக் கோட்பாட்டைச் சொல்வேன். சமச்சீரைப் பற்றிய இத்துறை வரையறைகளோடு தொடங்குவதால் முதல் பார்வைக்கு வறண்டதாகத் தோன்றும். ஆனால் சிறிய குலங்களை ஒரே தாளில் முழுமையாக எழுதிவிடலாம். ஒரு சதுர அட்டையை வெட்டி, மூலைகளுக்குப் பெயரிட்டு, திருப்பியும் புரட்டியும் பார்த்தால் எட்டு அசைவுகள் கிடைக்கும். இரண்டை அடுத்தடுத்துச் செய்தால் எது வரும் என்று எட்டுக்கு எட்டு அட்டவணை ஒன்று போட்டால் 64 கட்டங்கள். ஒவ்வொன்றையும் அட்டையைத் திருப்பிச் சரிபார்க்கலாம். அதற்குள்ளே ஒளிந்திருக்கும் சிறு குலங்களின் அளவு 1, 2, 4, 8 என்று எட்டை வகுப்பதாகவே இருக்கும். 3 என்றோ 5 என்றோ ஒருபோதும் வராது. ஏன் என்பதற்கு விடையே லக்ராஞ்சின் தேற்றம். கூலிமில் வேலை செய்கிறவருக்கு இத்துறை ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும். வேஃபரின் ஓரத்தில் வெட்டியிருக்கும் சிறு பள்ளம் சிலிக்கன் படிகத்தின் திசையைக் காட்டுவதற்காக வைத்தது. படிகங்களில் அமையக்கூடிய சமச்சீர் வகைகள் 230 மட்டுமே என்று பெடரோவும் ஷோன்ஃபிளைஸும் 1891 வாக்கில் குலங்களை வைத்தே வகைப்படுத்தினார்கள். தட்டையான தளத்துக்கு அது 17 ஆகச் சுருங்கிவிடும்.

இந்த அளவுகோலின்படி முதல் சுற்றில் தள்ளிவைக்க வேண்டிய துறைகளும் உண்டு. இயற்கணித வடிவியலின் நவீன வடிவம், ஒத்தியல், அளவைக் கோட்பாடு போன்றவற்றில் ஒரு கூற்றின் பொருள் விளங்கவே பல நூறு பக்கங்கள் தேவை; பொருள் விளங்கிய பின்னும் கையால் சோதிக்கத்தக்க எடுத்துக்காட்டுகள் அரிதாகவே எதிர்ப்படும். அப்படியென்றால் கடந்த நூறாண்டின் அழகான கணிதத்தையெல்லாம் தனிப் படிப்பாளிக்கு மூடிவிடுகிறோமா என்று கேட்கலாம். மூடவில்லை, நுழையும் வரிசையை மாற்றுகிறோம். வட்டத்துக்குள் புள்ளி எண்ணியவர் பிழையை அடக்க முயலும்போது பகுப்பாய்வு தேவைப்படும். எல்லை, தொடர்ச்சி, தொகையீடு ஆகியவற்றை அப்போது அவர் ஒரு வேலைக்கான கருவிகளாகப் படிப்பார். இராமானுஜன் வழுக்கிய இடத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் சிக்கலெண் சார்புகளைத் தேடிப் போவார். தாமே சோதித்துப் பார்த்த கேள்வி ஒன்று கையில் இருந்தால், அடுத்த துறையில் எழுதும் தவறும் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரிந்த எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்த்தால் தவறான தேற்றம் உடனே நொறுங்கும்.

கணினி இருக்கும் காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. லியனார்டோ டி மோரா 2013இல் தொடங்கிய லீன் போன்ற மென்பொருள்கள் நிறுவலின் ஒவ்வொரு படியையும் சரிபார்த்துத் தவறான படியை மறுத்துவிடுகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அமைத்த இயல் எண் விளையாட்டில், கூட்டலில் இடம் மாற்றினால் விடை மாறாது என்பதையே அடிப்படை விதிகளிலிருந்து படிப்படியாக நிறுவ வேண்டும். தனியாகப் படிப்பவருக்கு இது பெரிய வரம்தான். ஆனால் லீனின் மொழியைக் கற்பதே தனிப் படிப்பு. மேலும் அது ஒரு படி சரியா தவறா என்று சொல்லுமே தவிர, நிறுவலின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் நிலை இதற்கு நேர்மாறு: விளக்கம் அழகாக வரும், நடுவில் ஒரு வரி பிழையாக இருந்தாலும் அதே அழகோடு வரும். அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது உதவியாளன். தெரியாதவருக்குத் தவறான விடைத்தாளுக்கும் முழு மதிப்பெண் போடும் ஆசிரியர். கணினி வந்ததால் தாமே திருத்தும் திறனின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

ஹைடெக் பூங்காவில் வேலை செய்கிறவர் ஓய்வு நேரத்தில் பைத்தானோ தரவுப் பகுப்பாய்வோ படித்தால் வாழ்க்கைக்கு உதவுமே, பகா எண்களைப் படித்து என்ன பயன் என்று வீட்டிலேயே கேட்பார்கள். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, தூய கணிதமும் ஒருநாள் பயன்படும் என்பது. உண்மைதான். 1832இல் இருபது வயதில் இறந்துபோன கால்வா கண்ட முடிவுள்ள களங்களின் மேல்தான் 1960இல் ரீடும் சாலமனும் பிழைதிருத்தும் குறிமுறையைக் கட்டினார்கள். குறுந்தகடு முதல் விண்கலம் வரை அது பயன்பட்டது. எண் கோட்பாட்டால் பயனில்லை என்பதில் 1940இல் பெருமைப்பட்டுக்கொண்ட ஹார்டி இறந்து முப்பது ஆண்டுக்குப் பின், 1977இல், அதே எண் கோட்பாடு மறைகுறியீட்டுக்கு அடித்தளமாயிற்று. ஆனால் இந்த விடையை இங்கே சான்றாக வைப்பது நேர்மையாகாது. எந்தத் தேற்றம் நூறாண்டு கழித்துப் பயன்படும் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பித் துறையைத் தேர்ந்தெடுப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம். நேரான விடை வேறு. வேலைக்குத் தேவையானதை வேலைக்காகப் படிக்கலாம். அதற்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, சான்றிதழ் உண்டு, திருத்துவதற்கும் ஆள் உண்டு. இன்பத்துக்காகப் படிப்பதை அதே தராசில் நிறுப்பது வீணையையும் பூப்பந்தையும் சம்பளக் கணக்கில் சேர்ப்பதைப் போன்ற குழப்பம். அவற்றை எவரும் அப்படி நிறுப்பதில்லை.

தாமே திருத்திக்கொள்வது என்றால் தனித்துக் கிடப்பது என்று பொருளல்ல. 1907இல் வி. ராமசுவாமி ஐயர் என்ற துணை ஆட்சியர், அரசு வேலையின் நடுவே கணிதத்தில் ஈடுபாடு கொண்டவர், ஒத்த ஆர்வமுள்ளவர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு கழகத்தைத் தொடங்கினார். தனித்தனியே வாங்க முடியாத ஆய்விதழ்களையும் நூல்களையும் பணம் சேர்த்து வாங்கி, தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுப் படிப்பதே அதன் முதல் நோக்கம். அதுவே இந்தியக் கணிதவியல் கழகமாக வளர்ந்தது. அதன் இதழில்தான் 1911இல் இராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது; வாசகர்களுக்குச் சவாலாக அவர் விட்ட புதிர்க் கணக்குகளும் அதில்தான் வந்தன. ஆசிரியர் இல்லாத இடத்தில் ஒருவர் தாளை ஒருவர் படித்துத் திருத்தும் வழி அது. கூலிமிலோ சுங்கைப்பட்டாணியிலோ நான்கு பேர் ஷிப்ட் இல்லாத நாளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தாலும் அதே வேலை நடக்கும். ஆனால் அந்த நால்வரும் பயிலும் துறை ஒருவர் மற்றவரின் நிறுவலைச் சோதிக்கக்கூடியதாக இருந்தால்தான் அந்த மேசைக்குப் பயன்.

எனவே தொடங்க நினைப்பவர் எந்த நூலை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். இதில் சொல்லப்படும் கூற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டை நான் கையால் செய்ய முடிகிறதா? நிறுவலின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்று நூலை மூடிவிட்டு எழுத முடிகிறதா? ஒரு வாரம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த நூலோடு தங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் தயங்காமல் வேறு நூலுக்கு மாறுங்கள். எண் கோட்பாடு, கோட்டுருவியல், குலக் கோட்பாடு என்ற மூன்றில் எதிலிருந்து தொடங்கினாலும் நல்லதே. முதல் பயிற்சி இந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. அடுத்தடுத்த ஏழு எண்களை எடுத்துக்கொண்டு, மற்ற ஆறோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றுள் கட்டாயம் இருக்கும் என்று நிறுவுங்கள். இந்த நூலின் பின்பக்கத்தில் அதற்கு விடை கொடுக்கவில்லை. எழுதி முடித்ததும் அது சரியா என்று உங்களுக்கே தெரியும்.